சுண்டுவின் பல் வரிசை

ஜனவரி 18

அன்புள்ள அக்கா,

நானும் சுண்டுவும் இங்கே சௌக்கியம். உன் முதுகு வலி தேவலையா? விடுதியில் மேல் கட்டிலுக்குப் பதிலாகக் கீழ்க் கட்டில் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா?

சுண்டுவைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பு, என் வகுப்பேதான். வீட்டில் சித்தி, வகுப்பில் டீச்சர் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். தலையைப் பலமாக ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, வகுப்பே கேட்கும்படி "சித்தி டீச்சர், மூக்கு ஒழுகுது" என்றாள். இப்போது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சித்தி டீச்சர்தான்.

இந்த வருடம் பள்ளியில் ஒரு புது வேலை முளைத்திருக்கிறது. தினமும் காலையில் மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து பல் தேய்க்க வேண்டுமாம். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பல் நர்ஸ் வந்து எங்களைக் கூட்டி விளக்கினார். கையில் பெரிய பிளாஸ்டிக் தாடை. அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசினார். தலைமையாசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு தேய்க்கறது வீட்டு வேலைம்மா. பாடம் நடத்தறது எங்க வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்றார்.

நர்ஸ் அசரவில்லை. "வீட்டுல தேய்க்கறாங்களான்னு என்னிக்காவது கேட்டுப் பாத்தீங்களா சார்?"

கேட்டுப் பார்த்தோம். என் வகுப்பில் பாதிப் பேருக்குச் சொந்தமாக பிரஷ் கிடையாது. ஒருத்தி எழுந்து, "எங்க வீட்டுல ஒரு பிரஷ் இருக்கு டீச்சர். அப்பா முடிச்சதும் எல்லாருக்கும்" என்றாள், அத்தனை பெருமையாக. தலைமையாசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார். "சரி, யாராவது ஒருத்தர் பொறுப்பெடுத்துக்கோங்க" என்றார். மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் அவசரமாக ஏதேதோ சாக்குச் சொன்னார்கள். நான் பேசாமல் இருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

நீ அனுப்பிய மிட்டாய் டப்பா பத்திரமாக வந்தது. சுண்டு மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தாள். அப்புறம்தான் கையை விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

கீழ்க் கட்டில் கிடைத்துவிட்டது. மேலே இப்போது படுத்திருப்பவள் நல்ல கனம். அவள் ஏறிப் படுத்தால் பலகை என் மூக்குக்கு நேரே இறங்கி நிற்கிறது. முதுகு பிழைத்துக்கொண்டது, நான் பிழைப்பேனா என்பதுதான் தெரியவில்லை.

பல் தேய்க்க ஒரு பள்ளிக்கூடமா என்று மிட்டாய் ஃபேக்டரி பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொன்னேன். "நாம இங்க நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைங்க பல்லுக்கு வேட்டு வைக்கிறோம், உன் தங்கச்சி அங்க காவல் காக்குறாளா?" என்று ஒருத்தி கேட்டாள். சூப்பர்வைசர் வரும்வரை சிரித்தோம். இங்கே சிரிக்கக் கிடைப்பது அபூர்வம். மிட்டாய் விழுந்துகொண்டே இருக்கும், நாம் உறையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, வாய்க்குத் துணி. இருந்தும் சர்க்கரைத் தூள் எங்கிருந்துதான் புகுமோ, ராத்திரி தலை துவட்டினால் துண்டு பிசுபிசுக்கிறது.

சுண்டு பல் எப்படி இருக்கிறது? அவளுக்கு முதல் பல் முளைத்தபோது அவள் அப்பா விரலை அவள் வாயில் கொடுத்துவிட்டு, "கடிக்கறாடி! நெஜமாவே கடிக்கறா!" என்று அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர் உயிரோடு இருந்தால் நான் ஏன் பிள்ளைகளைச் சேர்க்காத விடுதியில் வந்து கிடக்கப் போகிறேன். சரி, விடு. இரண்டு வருடமாகியும் இந்தப் பேச்சைக் கை தானாக எழுதிவிடுகிறது.

இன்னொரு டப்பா அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை சிவப்பு அதிகம், அவளுக்குப் பிடிக்குமே. உடைந்ததும் கோணலானதும் எங்களுக்குத்தான் தருவார்கள். வாயில் போட்டால் கோணல் என்ன, நேர் என்ன?

நேரத்துக்குச் சாப்பிடு. நீ சாப்பிட மாட்டாய், எனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

கடிதமும் டப்பாவும் ஒரே நாளில் வந்தன. இருமல் சளி எதுவும் இல்லாமல் இருக்கிறோம்.

பல் தேய்க்கும் படலம் தொடங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு பிரஷ். பெயர் எழுதினால் படிக்கத் தெரியாதே, அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டினோம். மீன், குடை, பட்டம், இப்படி. பிரஷ்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதால் பலகையில் தள்ளித் தள்ளித் துளை போட்டு நிற்க வைத்திருக்கிறோம். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவுதான். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்ப வேண்டும். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது, கொப்பளித்தால் மருந்து போய்விடும் என்றார் நர்ஸ்.

துப்புவது இவ்வளவு பெரிய வித்தை என்று இதுவரை எனக்குத் தெரியாது. சிலருக்கு நுரை தாடை வழியாகச் சட்டைக்குப் போகிறது. சிலர் விழுங்கிவிட்டு "இனிக்குது டீச்சர்" என்கிறார்கள். குடைப் படக்காரன் தன் பிரஷ்ஷால் ஷூவைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான். அவனைத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் புது பிரஷ் கொடுத்தேன். தலைமையாசிரியர் தினமும் எங்கள் வகுப்பைத் தாண்டும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டுகிறார்.

சுண்டு பல் பற்றிக் கேட்டிருந்தாய். மிக நன்றாகத் தேய்க்கிறாள். முன் பக்கம், பின் பக்கம், கடிக்கும் பக்கம் என்று நர்ஸ் சொன்ன வரிசை மாறாமல் செய்கிறாள். துப்புவதிலும் கெட்டி. அவளைத்தான் முன்னால் நிற்க வைத்து மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொல்கிறேன்.

முந்திய டப்பாவே இன்னும் தீரவில்லை அக்கா. அடுத்த தடவை வேண்டுமானால் படப் புத்தகம் ஏதாவது அனுப்பேன். படத்தைப் பார்த்து அவளாகக் கதை கட்டுவதைக் கேட்க வேண்டுமே!

அன்புடன்,
தங்கை


மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருந்தால் எனக்கு வேறு என்ன வேண்டும்?

புத்தகம் கேட்டிருக்கிறாய். டீச்சர் வீட்டில் புத்தகத்துக்கா பஞ்சம்? அது உன் இலாகா. என் கையில் இருப்பது மிட்டாய்தான். போன வருடம் விடுப்பில் வந்தேனே, அன்றைக்கு சுண்டு என்னை வாசலில் பார்த்ததும் ஓடி வரவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பின்னால் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் மெல்லக் கிட்ட வந்து என் துணியை மோந்துவிட்டு, "அம்மா மிட்டாய் வாசனை" என்று ஒட்டிக்கொண்டாள். முகம் மறந்திருந்தாலும் வாசனை மறக்கவில்லை. அதனால்தான் மாதம் தவறாமல் அனுப்புகிறேன். தின்பதற்கு மட்டும் இல்லை.

இந்த மாதம் நீண்ட ஷிப்ட் பார்த்தவர்களுக்குப் பெரிய டப்பா கொடுத்தார்கள். அப்படியே கட்டி அனுப்பிவிட்டேன்.

எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. சும்மா விறைத்துக்கொண்டு நிற்கிற படம் வேண்டாம். சிரிக்கிற படம். பல் தெரிய வேண்டும். அத்தனை தேய்க்கிறாளே, நானும் பார்க்கிறேன்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தேர்வுத் தாள், கூட்டம், அது இது என்று நேரம் ஓடிவிட்டது. சுண்டு நன்றாக இருக்கிறாள். நானும் நலம். பெரிய டப்பா வந்தது.

பள்ளியில் கொஞ்சம் சச்சரவு. ஒரு பிள்ளை பேஸ்ட்டை விழுங்கி வாந்தி எடுத்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது. ஆனால் பெற்றோர்களிடம் செய்தி வேறு மாதிரி பரவிவிட்டது. பாட நேரத்தை வீணாக்குகிறோம் என்று ஒரு கட்சி, விஷத்தைத் தின்னக் கொடுக்கிறோம் என்று ஒரு கட்சி. தலைமையாசிரியர் இரண்டு கட்சிக்கும் தலையாட்டுகிறார்.

நீ கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படம் எடுப்பவர் சிரிக்காதே, ஆடாதே என்று மிரட்டிவிட்டார். அதனால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். புது உடுப்பு, நான் தைத்தது.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை


மே 28

அன்புத் தங்கச்சிக்கு,

படம் வந்தது. தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். உடுப்பு அழகு.

கன்னம் ஏன் ஒட்டிப் போயிருக்கிறது? சாப்பிடுகிறாளா? படம் எடுப்பவர் மிரட்டியதாக எழுதியிருக்கிறாய். யார் மிரட்டினாலும் பயப்படுகிற பிள்ளையா அது? கண் சிரிக்கிறது, வாய் மட்டும் இறுக்கி மூடியிருக்கிறது.

உன் கடிதமும் இந்தத் தடவை அப்படித்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, மனதில் பட்டதைச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவளுக்கு ஆறு வயது முடிகிறது. வார்டனிடம் கெஞ்சிக் கூத்தாடி போனுக்கு அனுமதி வாங்கிவிட்டேன். தலைமையாசிரியர் அறைக்குப் போடுகிறேன். அன்று காலை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 6

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

போனில் என் பிள்ளை "சித்தி" என்று சொல்கிறாள், எழுத்து வரவில்லை, காற்றுதான் வருகிறது. "அம்மா, த்தித்தி கேக் வாங்கித் தந்தாங்க" என்றாள். முதலில் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கு என்னவோ போல் ஆகி, "பல்லு விழுந்துடுச்சாடா தங்கம்?" என்று கேட்டேன். "விழல. ஆத்பத்திரில..." என்று ஆரம்பித்தாள். நீ போனை வாங்கிவிட்டாய். "வகுப்புக்கு நேரமாச்சுக்கா, அப்புறம் பேசறோம்." உன் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நின்றால் வருகிற அதே குரல்.

ஆஸ்பத்திரியில் என்ன? எத்தனை பல்? யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பல் தேய்க்கச் சொல்லித் தருகிறாயே, உன்னை நம்பி விட்டுவிட்டு வந்த ஒரே ஒரு பிள்ளையின் வாயை உன்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லையா?

எல்லாவற்றையும் எழுது. என்னிடம் டீச்சர் மாதிரி எழுதாதே.


ஜூன் 17

அக்கா,

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான்கு பற்கள். மேல் வரிசையில் முன் பற்கள் நான்கும். ஏப்ரலில் எடுத்தார்கள்.

நர்ஸ் முதல் முறையாக எல்லாப் பிள்ளைகளின் வாயையும் பார்த்தபோதே சுண்டுவின் முன் பற்கள் ஈறோரம் கறுத்திருந்தன. அதாவது நான் உனக்கு "நன்றாகத் தேய்க்கிறாள்" என்று எழுதியபோது எனக்குத் தெரியும். நன்றாகத் தேய்த்தாள் என்பது பொய்யில்லை. ஆனால் தேய்ப்பது இனிமேல் வருவதைத்தான் தடுக்கும், வந்துவிட்டதைத் திருப்பாது என்று நர்ஸ் அப்போதே சொல்லிவிட்டார். "தூங்கும்போது வாயில ஏதாவது வெச்சுக்கறாளா?" என்று கேட்டார்.

வைத்துக்கொள்வாள் அக்கா. தினமும் படுக்கும்போது ஒரு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் தூங்குவாள். ஒரு நாள் பிடுங்கிப் பார்த்தேன். "அம்மா வாசனை போயிடும்" என்று அழுதாள். அடம் பிடித்து அழுதால் சமாளிப்பேன். இது அடம் இல்லை. நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாளும் கொடுத்தேன். டீச்சராக இருந்து என்ன பிரயோசனம்?

ஏப்ரலில் ஒரு நாள் காலையில் உதடும் மூக்கும் சேர்ந்து வீங்கியிருந்தன. உடம்பு அனலாகக் கொதித்தது. வேரில் சீழ் கட்டிவிட்டது, காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். கண் விழித்ததும் நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் "சொல்லிடாத, அம்மா பாவம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதனால்தான் படத்தில் வாயை மூடினாள். படம் எடுத்தவர் சிரிக்கத்தான் சொன்னார்.

சொன்னால் நீ மனம் உடைந்து வேலையை விட்டுவிடுவாய் என்று பயந்தேன். இதுதான் காரணம்.

பள்ளியிலும் தலை நிமிர முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் தையற்காரர் மனைவி எழுந்து, "டீச்சர், உங்க வீட்டுப் பிள்ளை பல்லே போயிடுச்சு, நீங்க எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்றார். யாரோ சிரித்தார்கள். பதில் சொன்னால் உன்னைத்தான் குறை சொல்ல வேண்டும், உட்கார்ந்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு கூட்டம் போட்டுப் பல் தேய்ப்பதை நிறுத்திவிடலாம் என்று தலைமையாசிரியர் நாள் குறித்துவிட்டார். அதுவரை பேருக்கு நடக்கிறது.

சுண்டு இப்போது நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறாள். இது முழு உண்மை.

தங்கை


ஆகஸ்ட் 4

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாயிற்று. மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் உன்னைத் திட்டித்தான் ஆரம்பித்தேன், என்னைத் திட்டித்தான் முடித்தேன். மூன்றையும் கிழித்துப் போட்டாயிற்று.

பெல்ட்டில் நிற்கிறேன். சிவப்பு மிட்டாய் வருகிறது, சுற்றுகிறேன். ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளையின் கன்னத்துக்குப் போகிறது என்று தோன்றாத நாள் இல்லை. இந்தக் கைதான் கட்டி அனுப்பியது. வீட்டு வாடகையும் இந்தக் கைதான் கொடுக்கிறது. வேலையை விட முடியாது. விடவும் போவதில்லை. நீ பயந்தது வீண்.

ஆனால் உனக்கு அது மட்டும்தான் பயமா என்று யோசித்தேன். அன்றைக்கு நீ போனை வாங்கியபோது சுண்டு பக்கத்திலிருந்து, "இரும்மா, நான் இன்னும் பேசணும்" என்றாள். ரிசீவர் உன் கையில் இருந்தது. அந்த அம்மா நான் இல்லை.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். காய்ச்சலோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? கண் விழிக்கும்வரை நின்றது யார்? அப்படிப்பட்டவளை வேறு என்னவென்று கூப்பிடுவாள்? நீ எழுதாமல் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

ஆனால் அவள் என்னோடு இருக்க வேண்டும். வாசனையை வைத்து அம்மாவை அடையாளம் கண்டுபிடிக்கிற நிலையில் என் பிள்ளை இருக்கக் கூடாது. பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்பவளும் தனி ஆள்தான், அவளுக்கும் ஒரு மகள். இரண்டு பேரும் சேர்ந்து தொழிற்சாலைக்குப் பின் தெருவில் ஒரு அறை பார்த்திருக்கிறோம். ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டால் பிள்ளைகளோடு எப்போதும் ஒருத்தி இருப்போம். ஜன்னல் ஒன்றுதான். ஆனால் பெரிய ஜன்னல்.

இந்த மாதக் கடைசியில் விடுப்பு கிடைத்திருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். தையற்காரர் மனைவி எந்த வரிசையில் உட்காருவார் என்று மட்டும் காட்டு.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

நீங்கள் இரண்டு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. பயணத்தில் சுண்டுவுக்குக் குமட்டவில்லையே?

இங்கே நீதான் இன்னும் பேச்சு. உனக்கு "மிட்டாய் அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூட்டத்தில் நீ எழுந்து பேசியபோது நான் உன் பின்னால் கதவோரம் நின்றிருந்தேன். உன் முகம் எனக்குத் தெரியவில்லை. கேட்டவர்கள் முகம்தான் தெரிந்தது. "நான் மிட்டாய் ஃபேக்டரில வேலை பாக்கறேன். என் பொண்ணு பல்லு போனதுக்கு டீச்சர் காரணம் இல்ல. மாசா மாசம் நான்தான் என் கையால அனுப்பினேன். ஆசைதாங்க. வேற என்ன?" என்று நீ சொன்னாயே, அப்போது பஸ் கண்டக்டர் தன் மடியிலிருந்த மகனின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கொஞ்ச நேரம் கூட்டம் முழுக்கப் பிள்ளைகள் ஆ என்று வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். உனக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. தையற்காரர் மனைவி, "அங்க நெஜமாவே அவ்ளோ சர்க்கரை போடுவாங்களா?" என்று உன்னைப் பிடித்துக்கொண்டாரே!

போன வாரம் அவர் காலையிலேயே பள்ளிக்கு வந்தார். வம்புக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "பேஸ்ட் வெக்க ஆள் வேணுமா டீச்சர்?" என்று கேட்டார். இப்போது தினமும் வருகிறார். பட்டாணி அளவு என்றால் பட்டாணி அளவுதான், ஒரு துளி அதிகமாக விட மாட்டார். தலைமையாசிரியர் எங்கள் வகுப்பைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அடுத்த வருடம் பெரிய வகுப்புகளுக்கும் செய்யலாமா என்று, தன் யோசனை மாதிரியே, நர்ஸிடம் கேட்டிருக்கிறார்.

சுண்டுவைச் சுவரோரம் படுக்க வை. வெளிப்பக்கம் படுத்தால் உருண்டு விழுவாள். தலை வாரும்போது முடிச்சைக் கீழிருந்து எடு, மேலிருந்து இழுத்தால் கத்துவாள். தண்ணீர் குடித்தேன் என்பாள், குடித்திருக்க மாட்டாள். இடி இடித்தால் பயமில்லை என்பாள். பயம்தான். இதெல்லாம் உனக்கே இதற்குள் தெரிந்திருக்கும்.

வீட்டில் சத்தம் குறைவு. பாடக் குறிப்பு எழுத நிறைய நேரம் கிடைக்கிறது.

தங்கை


நவம்பர் 9

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ இளைத்துப் போயிருப்பாய். பாடக் குறிப்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடு.

முதல் வாரம் சுண்டு என்னோடு சரியாகப் பேசவில்லை. ராத்திரியில் மிட்டாய் கேட்கவில்லை, உன்னைக் கேட்டாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "சித்தி இந்நேரம் என்ன பண்ணுவா, சொல்லு" என்று கேட்பேன். அவள் சொல்லச் சொல்லத் தூங்கிவிடுவாள். நான்தான் விழித்திருப்பேன். நீ எழுதிய எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சுவரோரம் படுக்க வைக்க வேண்டும் என்பதும்தான். உன் கடிதம் வருவதற்கு முன்னால் இரண்டு தடவை விழுந்துவிட்டாள்.

இங்கே பள்ளியில் பல் தேய்க்கும் வழக்கம் இல்லை. ஷிப்ட் முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் போய்த் தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்தேன். "அதெல்லாம் வீட்டு வேலை இல்லையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோருக்கும் இதே வசனத்தை எழுதிக் கொடுத்துவிடுவார்களா? "வீட்டுல தேய்க்கறாங்களான்னு கேட்டுப் பாருங்கம்மா" என்றேன். என் பக்கத்தில் நின்ற சுண்டு, யாரும் கேட்காமலே, வாயை அகலத் திறந்து காட்டினாள். அந்த அம்மா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

உன் பல் நர்ஸிடம் கேட்டு, பல் தேய்க்கும் முறையையெல்லாம் போன மாதம் தனியாக எழுதி அனுப்பியிருந்தாய், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தச்சர் ஒருவர் பலகையில் துளை போட்டுத் தந்தார். போன திங்கட்கிழமை தொடங்கிவிட்டார்கள். ஷிப்ட் இல்லாத நாட்களில் நான் போய் பேஸ்ட் வைக்கிறேன். உறை சுற்றிச் சுற்றி வேகம் பழகிய கை அல்லவா, பள்ளி முழுக்க நொடியில் முடிந்துவிடுகிறது. சுண்டுவை முன்னால் நிற்க வைத்து மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொல்கிறார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "முன் பக்கம், பின் பக்கம், கடிக்கிற பக்கம்! கொப்பளிக்கக் கூடாது!" என்று அதட்டுகிறாள். அந்தக் கண்டிப்பும், பாதியில் நிறுத்திக் கண்ணாலேயே முறைப்பதும், யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள் யாரிடம் வளர்ந்தது என்று.

விடுமுறைக்கு அவளை அங்கே அனுப்புகிறேன். முழு விடுமுறைக்கும். உனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும், "இங்க யாருக்கும் ஒழுங்கா துப்பவே தெரியலம்மா, நான் எவ்ளோதான் சொல்றது?" என்று உன் மகள் தினமும் புலம்புகிறாள்.

உன் மகள் என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பேனாவை மூடிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.

அக்கா